மூன்று பனிக்காரர்கள்

மார்ச் முழுக்க எங்கள் வீட்டில்
ஜன்னலைத் திறக்க முடியவில்லை.
விளிம்பெல்லாம் தயிர்க் கிண்ணங்கள்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மண், இரண்டு விதை,
லுபோரின் கோழிக்கிறுக்கலில் ஒரு பெயர்.
நாற்பத்தேழு கிண்ணம். எண்ணினேன்.
சண்டைக்குக் கணக்கு வேண்டுமே.

குளியலறையில் மிளகாய்.
என் தையல் மேசையில் தக்காளி.
கொஞ்சம் நகர்த்தலாமா என்றேன்.
வெளிச்சம் அங்கேதான் விழுகிறது என்றான்.
கல்யாணமாகிப் பதினோரு வருடம்,
என் மேல் எப்படி விழுகிறதென்று
ஒருநாளும் அவன் பார்த்ததில்லை.

ஏப்ரலில் புல்தரையைக் கொத்தினோம்.
கொத்தினான். நான் சமையலறையில் நின்று
கிண்ணங்களின் இடுக்கு வழியே
அவன் குனிவதையும்
இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதையும் பார்த்தேன்.
எழுப்பினாலும் எழாத பிள்ளை மாதிரி
கட்டி கட்டியாக முரண்டு பிடித்தது மண்.
அதிலிருந்து வந்தவை:
ஒரு முள்கரண்டி,
பீங்கான் குதிரையின் பின்பாதி,
துருவேறிய சாவி ஒன்று.
வீட்டிலுள்ள எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்தோம்.
எதற்கும் சேரவில்லை.
அன்றைக்கு மட்டும் நிறையப் பேசினோம்.

பட்டாணி, முள்ளங்கி, நூல்கோல் முதலில்.
அவை குளிருக்கு அஞ்சாத ரகம்.
தக்காளி காத்திருக்க வேண்டும்.
மே பன்னிரண்டு பங்க்ராஸ்,
பதிமூன்று செர்வாஸ்,
பதினான்கு போனிஃபாஸ்.
பனிக்காரர்கள் என்று இங்கே எல்லோரும் சொல்லும்
மூன்று புனிதர்கள்
கடைசியாக ஒருமுறை வந்து
கதவை உலுக்கிவிட்டுத்தான் போவார்கள்.
ரொட்டிக் கடையில் சொன்னார்கள்.
தபால்காரி சொன்னாள்.
பக்கத்து வீட்டு ஹெட்விகா ஒன்றும் சொல்லவில்லை,
வேலிக்கு மேல் தலையை நீட்டி
வானத்தை மட்டும் பார்த்தாள்.

மே ஐந்தாம் தேதியே நட்டுவிட்டான்.
இருபத்து மூன்று நாற்று.
வெயிலைப் பார், அரைக்கைச் சட்டையோடு நிற்கிறேன் என்றான்.
மேசை திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில்
நான் வாயைத் திறக்கவில்லை.
குற்றத்தில் என் பங்கு அது.

பதிமூன்றாம் தேதி
கடைசி ரயிலை அனுப்பிவிட்டு
சைக்கிளில் வீடு திரும்பினேன்.
கைப்பிடி விரலைச் சுட்டது, குளிரால்.
பாலத்துக்கு மேலே
துணியால் துடைத்து வைத்தது போல் நட்சத்திரங்கள்,
ஒரு மேகம் இல்லை.
எந்த ராத்திரியாவது இருந்தால்
நின்று பார்த்திருப்பேன்.
வயிற்றைப் பிசைந்தது.

நாங்கள் பேசி நான்கு நாள் ஆகியிருந்தது.
எதற்கென்று மறந்துவிட்டது.
மறக்கவில்லை, சொல்ல மாட்டேன்.
அவன் தோளைத் தட்டி
"செர்வாஸ் வந்துவிட்டான்" என்றேன்.

சூப் பானை. பால் பாத்திரம். வாளி.
கேக் அச்சுகள், இரண்டு அளவில்.
என் சைக்கிள் ஹெல்மெட்.
அவன் அம்மா கல்யாணத்துக்குத் தந்து
நான் ஒருநாளும் தொடாத,
வாத்து வறுக்கும் பெரிய சட்டி.
இருட்டில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தோம்.
டார்ச்சை அவன் பல்லில் கடித்திருந்தான்,
பேச வழியில்லை.
நல்லதாகப் போயிற்று.
ஒருமுறை ஒரே நாற்றுக்கு
இருவரும் பாத்திரம் நீட்டினோம்.
அவன் பின்வாங்கினான்.

காலையில் புல்லெல்லாம் வெள்ளை.
காப்பி போட ஒரு பாத்திரம் இல்லை.
ஹெட்விகா வேலியருகே நின்று
எங்கள் சமையலறையை எண்ணிக்கொண்டிருந்தாள்.
அவளுடைய தக்காளி இன்னும் வீட்டுக்குள்.

ஒன்பது மணிக்குத் திறந்தோம்.
பத்தொன்பது பிழைத்திருந்தன.
நான்கு, வெந்த கீரை போலக் கறுத்துத் தொங்கின.
கடைசியாக அந்தப் பெரிய சட்டி.
தூக்கினால், தக்காளி இல்லை,
ஒரு சீமைக் காட்டுமுள்ளங்கி,
ராத்திரியெல்லாம் சுகமாகத் தூங்கிய களை,
இலை கூடக் கசங்காமல் எங்களைப் பார்த்தது.

லுபோர் சேற்றில் உட்கார்ந்துவிட்டான்.
இருமலா சிரிப்பா என்று முதலில் தெரியவில்லை.
நானும் உட்கார்ந்தேன்,
சீருடைக் கால்சட்டையோடு.

களையைப் பிடுங்கினேன்.
வேர் பாதியில் அறுந்தது. வரும் மறுபடி.

இன்றிரவு போனிஃபாஸ் பாக்கி,
அவனுக்குப் பின்னால் சோஃபியா.
பாத்திரங்களைக் கழுவவில்லை.