ஆறடி தள்ளி

போர்ட் ஷெப்ஸ்டன் ஆஸ்பத்திரி, நான்காம் அறை.
செவ்வாய்க்கிழமை சுரங்கக்காரர்கள் வருவார்கள்.
நஷ்டஈட்டு மனுவோடு படமும் வேண்டுமென்று
கம்பெனி வக்கீல்கள் கேட்டிருக்கிறார்கள்.

உலோகம் ஏதும் உண்டா, பாபா ஷேசி?
சங்கிலி, மோதிரம், தங்கப் பல்?
சிரித்ததில் அவருக்கு இருமல் வந்துவிட்டது.
"முப்பத்தொரு வருஷம் தோண்டினேன், சிசி.
போட்டுக்கொள் என்று ஒருத்தனும் தரவில்லை."
கோட்டில் பொத்தான் போன இடத்தில் ஓர் ஊக்கு.
கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்,
ரசீது எதிர்பார்ப்பவர் போல.

மார்பைத் தட்டோடு ஒட்டுங்கள்.
மோவாய் மேலே. புறங்கைகள் இடுப்பில்.
தோளை முன்னால் தள்ளுங்கள், இன்னும் கொஞ்சம்,
பட்டை எலும்பு நுரையீரலுக்கு வழிவிடட்டும்.
குழாய் அவர் முதுகுக்குப் பின்னே, ஆறடி தள்ளி.
கிட்டே கொண்டுவந்தால்
விளக்கருகில் காட்டிய கைபோல
இதயம் பெருத்து விழும்.

"அந்தக் குழாய்க்குள் என்ன எரிகிறது?"
சொன்னேன்:
காற்றை முழுக்க உறிஞ்சிய குடுவை.
உள்ளே மயிரிழைக் கம்பி ஒன்று பழுக்கக் காயும்.
அதிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களை
நூறாயிரம் வோல்ட் இழுத்துப்போய்
டங்ஸ்டன் தட்டில் மோதவிடும்.
நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வெறும் சூடு.
மிச்சம் ஒன்றுதான் கதிர்.
"கீழேயும் அதே கணக்குதான்" என்றார்,
சுவரைப் பார்த்தபடி.
"ஒரு லாரிக் கல்லுக்கு ஒரு சிட்டிகை.
சூடும் அப்படித்தான்."

ஈயக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து
பொத்தானைப் பாதி அழுத்துகிறேன்.
தட்டு சுழலும் சத்தம்,
அடுத்த தெருவில் மாவு மில் ஓடுவதுபோல.

டொன்சா உமோயா. இழுங்கள்.
பம்பா. பிடியுங்கள்.
அவர் பாஷையில் மூச்சும் காற்றும்
உடம்பைவிட்டுப் போகிறதும் ஒரே சொல்.
நமக்கும் ஆவி இருக்கிறதே, அந்த மாதிரி.
காற்று நிறைந்தால்தான் நுரையீரல் கறுப்பாக விழும்.
அவருக்கு நிறையவில்லை. பாதியில் இருமல்.
மறுபடி. மறுபடியும் இருமல்.
கதிருக்கு வேண்டியது
கண்ணிமைப்பில் பத்திலொரு பங்கு.
மூச்சுக்குத்தான் காத்திருந்தோம்.

மூன்றாம் தடவை பிடித்தார். முழுக்க அழுத்தினேன்.
பெஃபுமுலா. விடுங்கள், பாபா.

திரையில் வந்தது.
இத்தனை வருஷமாகியும்
மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் போட்டுத்தான் பார்க்கிறேன்:
கறுப்பு, கதிர் வந்து சேர்ந்த இடம்.
வெள்ளை, வந்து சேராத இடம்.
விலா எலும்புகளை வரைந்து கொடுத்தவை
வழியிலேயே நின்றுபோனவை.
இரண்டு பக்கமும், மேல்பாதி முழுக்க,
விலாவுக்கும் விலாவுக்கும் நடுவில்
ரவை இறைத்தாற்போல வெள்ளை.
அது கல் இல்லை. கல்தூசு
இந்த இயந்திரத்தின் கண்ணுக்கும் அகப்படாது.
தூசைச் சுற்றி உடம்பு எழுப்பிய தழும்பு.
புதைத்தது தெரியாது, மேடு தெரியும்.

"என்ன தெரிகிறது, சிசி?"
படம் எடுப்பவள் படிக்கக்கூடாது.
படிக்கிற டாக்டர் வியாழக்கிழமை வருவார்.
பதினெட்டு வருஷமாக ஒரே பதில்:
"தெளிவாக விழுந்திருக்கிறது, பாபா."

சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டே சொன்னார்:
"நான் வேலை பார்த்ததற்குத் தாளே இல்லை என்கிறார்கள்.
பழைய ஆபீஸ் எரிந்துவிட்டதாம்.
இதில் இருக்கிறதா?"

இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

ஊக்கை நானே குத்திவிட்டேன், அவர் விரல் நடுங்கியதால்.
என் சட்டையில் அதே இடத்தில்
ஒரு சின்னப் பட்டை தொங்குகிறது.
மேலே பட்ட கதிரை எண்ணும் பட்டை.
மாதாமாதம் பிரித்து அனுப்புவோம்;
இவ்வளவுதான், பயமில்லை என்று கடிதம் வரும்.