குறி இல்லாத பத்தொன்பது

வ்ரோட்ஸ்வாஃப் நகரின் நீர்மட்ட அலுவலகம்.
நிலவறையில், மூன்று பீரோ அகலத்துக்கு
ஓயாமல் உறுமும் கணிப்பொறி.
ஊருக்கெல்லாம் பத்து அடிமானம்,
அதற்கு மைனஸ் இரண்டு.
ஒன்று, மைனஸ் இரண்டு, நான்கு, மைனஸ் எட்டு, பதினாறு:
ஒரு படி கொடுக்கும், அடுத்த படி பறிக்கும்.
சம்பளமும் வாடகையும் போல என்று
முதல் நாளே பிடிபட்டது எனக்கு.

ஒன்றும் ஒன்றும் அங்கே 110.
நான்கு வாங்கி இரண்டைத் திருப்பிக் கொடுத்தால்
கையில் நிற்பது இரண்டு.
பொறியாளர் வின்செண்டி கரும்பலகையில் எழுதியபோது
சிரித்துவிட்டேன்.
கல்யாணமான வருடம் முழுக்க
நானும் என் வீட்டுக்காரரும்
இப்படித்தான் குடித்தனம் நடத்தினோம்.

11 என்று துளையிட்டால் மைனஸ் ஒன்று.
முன்னால் கோடு கிடையாது;
துளைக்கும் கருவியில் அதற்கு விசையே வைக்கவில்லை.
நாடாவை இருட்டில் கட்டைவிரலால் தடவி
எத்தனை இடம் என்று எண்ணினால் போதும்.
ஒற்றைப்படை, பூஜ்யத்துக்கு மேலே.
இரட்டைப்படை, கீழே.
ஓரிடம் நீண்டால் எண் அக்கரைக்குப் போய்விடும்.

செவெரின் பாலத்தடியில் அளவுகோல் பார்ப்பவன்.
இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசியில் சொல்வான்:
"மேலே ஏழு." "கீழே நான்கு."
சென்டிமீட்டர் கணக்கு.
குட் நைட் கூடச் சொல்லமாட்டான்.

அந்த ஜனவரி இரவு
கம்பியில் பனி கரகரத்தது.
"...பத்தொன்பது" மட்டும் வந்து சேர்ந்தது.
அப்புறம் லைன் செத்துப்போனது.

காகிதப் படிவமாக இருந்தால்
19 என்று எழுதி,
முன்னால் ஒரு கோட்டுக்கு இடம் விட்டு,
டீ குடிக்கப் போயிருப்பேன்.
இங்கே வெறும் பத்தொன்பது என்று ஒன்று இல்லை.
மேலே என்றால் 10111.
கீழே என்றால் 111101.
இரண்டாவது இடத்திலேயே வழி பிரிந்துவிடுகிறது.
எதிரணிக்குப் போகும் எண்
தொப்பியைக் கழற்றி மாட்டித் தப்ப முடியாது,
வீட்டைப் பிரித்து
மறுபடி கட்ட வேண்டும்.
போர் முடிந்து
ல்வூஃபிலிருந்து ரயிலில் இங்கே இறக்கிவிடப்பட்டோமே,
எங்கள் பழைய முகவரியில்
ஓர் எழுத்தாவது மிஞ்சியதா?

முதல் துளையைப் போட்டேன்.
அது இரண்டுக்கும் பொது.
அதற்குமேல் விரல் நகரவில்லை.
மூடிய கையை நீட்டி
ஒற்றையா இரட்டையா என்கிற குழந்தையாட்டம்;
தப்பாகச் சொன்னால்
ஆற்றோரக் கிடங்குகளில்
நடுராத்திரியில் நூறு பேரை எழுப்ப வேண்டும்,
அல்லது எழுப்பாமல் விடவேண்டும்.

ஐந்தா ஆறா என்று கேட்க
ஆற்றுக்கே நடந்தேன்.
வலது பூட்ஸ் ஒழுகியது.
டிராம் நின்றுபோய் ஒரு மணி நேரம் இருக்கும்.
பனிக்கட்டியில் வெட்டிய குழியருகே
செவெரின் முழங்காலிட்டு
இரும்புக்கோலை உள்ளங்கையால் துடைத்துக்கொண்டிருந்தான்.
சிவப்புக் கோடு வெளியே தெரிந்தது, காய்ந்து,
நீருக்கு ஒரு சாண் உயரத்தில்.

"கீழே என்றுதானே சொன்னேன், ஒத்திலியா?"
"கேட்கவில்லை."
"அதற்காக இவ்வளவு தூரமா?
மறுபடி கூப்பிட்டிருப்பேனே."
அது எனக்குத் தோன்றவே இல்லை.

பிளாஸ்க் மூடியில் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்தான்.
சர்க்கரை இல்லாத டீ.

நிலவறைக்குத் திரும்பி
காத்திருந்த ஒற்றைத் துளைக்குப் பக்கத்தில்
மூன்று துளை, ஒரு வெறுமை, ஒரு துளை.
ஈரக் காலுறையைக் கணிப்பொறியின் முதுகில் காயப்போட்டு,
நாடாவைத் தடவி எண்ணினேன்.
சரிதான்.
ஆறு.