ஒன்பது வினாடி

கான்பெராவில் அக்டோபர்.
மலைக்குப் போகும் வழியில்
நாடாளுமன்ற விளக்குகளை நிலவென்று நம்பி
போகாங் அந்துப்பூச்சிகள் கீழவைக்குள் புகுந்துவிட்டன.
ஒன்று சபாநாயகரின் ஒலிவாங்கிமேல் உட்கார்ந்திருக்கிறது.
அனுமதி கேட்கவில்லை.

என் வேலை தட்டச்சு.
அவையில் யார் எதைச் சொன்னாலும்
இலக்கணம் திருத்தி, இருமலை நீக்கி,
மூன்று மணி நேரத்துக்குள் அச்சுக்கு அனுப்பவேண்டும்.
பதினோரு ஆண்டுகளில் நான் அதிகம் தட்டிய சொல்
‘அமைதி’.
ஸ்பீக்கர் என்றால் பேசுகிறவராம்.
விவாதத்தில் ஒரு கருத்தும் சொல்லக்கூடாத
ஒரே ஆள் அவர்தான்.

மதில்மேல் பூனை என்று கேலி செய்தார்கள்.
தப்பு.
பூனையாவது என்றைக்காவது ஒரு பக்கம் குதித்துவிடும்.
ஐலீன் ட்ரெகார்த்தன், மதில்.

இன்று ஆற்றுநீர் மசோதா.
அவர் ஊர் மர்ரே நதிக்கரை, ஆரஞ்சுத் தோட்டங்கள்.
போன தேர்தலில் அவருடைய விளம்பரத் தட்டிகளில்
இந்தத் தண்ணீர்தான் ஓடியது.

மணி அடித்தது.
நடைபாதையெங்கும் பச்சை விளக்கு துடித்தது.
மேசைமேல் கவிழ்த்த கண்ணாடியில்
நான்கு நிமிட மணல்.
தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு
கழுத்துப்பட்டையை இறுக்கிக்கொண்டே ஓடிவந்தார்கள்.
கதவுகளைப் பூட்டச் சொன்னார்.
ஆம் என்போர் வலப்பக்கம். இல்லை என்போர் இடப்பக்கம்.
எழுபத்திரண்டு.
எழுபத்திரண்டு.

பார்வையாளர் மாடத்தில்
தோட்டக்காரர் சங்கத் தொப்பியோடு மூன்று பேர்
முன்னால் சாய்ந்தார்கள்.
பதவியேற்ற நாளிலிருந்து
தங்கள் ஊருக்கு வாயே இல்லை என்று
கடிதம் எழுதி ஓய்ந்தவர்கள்.
இதோ, வாய் திறக்கப்போகிறது.

சமமானால் மட்டும் அவருக்கு ஒரு வாக்கு.
அதற்கும் மரபு ஒரு கடிவாளம் வைத்திருக்கிறது:
அவை பெரும்பான்மையாகக் கேட்காத மாற்றத்தை
நாற்காலி தரக்கூடாது.

ஒலிப்பதிவை மூன்று முறை போட்டுக் கேட்டேன்.
குளிர்சாதன இரைச்சல்.
யாரோ பேனாவை மூடுகிற சத்தம்.
ஒலிவாங்கியில் சிறகு உரசும் கரகரப்பு.
பிறகுதான் அவர் குரல்:
“என் வாக்கு, இல்லை என்போருக்கு.”

நடுவில் போன ஒன்பது வினாடிக்கு
எங்களிடம் குறியீடு கிடையாது.
மூன்று புள்ளி வைத்தால் மேலாசிரியர் அடித்துவிடுவார்.
ஆகவே, அச்சில்
அவர் தயங்கவே இல்லை.

அவை கலைந்தபின் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
இரு கைகளையும் கிண்ணமாகக் குவித்து
அந்துப்பூச்சியோடு வந்துகொண்டிருந்தார்.
முற்றத்துக் கதவை முழங்கையால் தள்ளினார்.
வெளியே அந்த மூன்று தொப்பிகள்.

அவர்கள் கை நீட்டினார்களா,
தூண் மறைத்துவிட்டது.
அவருடைய இரண்டும்
காலியாக இல்லை.