பதினான்கு பேர்

நாலு மணிக்கு மணவாளக்குறிச்சியில்
மணல் ஆலையின் விளக்குகளைத் தவிர
விழித்திருப்பது நானும் நாய்களும்.
ஷூ கயிற்றை முடிந்துவிட்டுப் போனைத் தொட்டால்
ஃபங்க், சோல் தவிர வேறொன்றும் போடாத
அந்த இணைய வானொலி
வட்டம் சுற்றிச் சுற்றி
ஒருவழியாகக் காதுக்கு வந்து சேர்கிறது.
"குட் ஈவினிங்" என்கிறாள் கரகரத்த குரல்காரி.
அவளுக்கு இன்னும் நேற்று முடியவில்லை.

திரையின் மூலையில் ஒரு சின்ன எண்.
கேட்பவர்கள்: 14.
உலகம் முழுக்க.
முட்டம் முதல் ட்ரிப்பில் இதைவிடக் கூட்டம் ஏறும்.
பதினேழு வருஷக் கண்டக்டர் நான்,
தலையை எண்ணாமல் இருக்க வராது.
பதினான்கில் ஒன்று நான்.
மற்ற பதின்மூன்றும் எங்கே ஏறி எங்கே இறங்கும்?

சர்க்கரை முந்நூற்றுப் பத்து என்று
ரத்தச் சீட்டு வந்த மறுநாள் தொடங்கிய ஓட்டம்.
சினிமாப் பாட்டு போட்டுத்தான் முதலில் ஓடினேன்.
சரணம் வருமுன்னே யார் யாரோ நினைவில் வந்து
சின்னவிளைச் சர்ச் முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள்.
பாதி வார்த்தை புரியாத இந்தப் பாட்டுகள்
ஒருத்தியையும் ஞாபகப்படுத்துவதில்லை.
காலை மட்டும் கூப்பிடுகின்றன.

இந்த ஆட்களுக்கு எல்லாமே முதல் தட்டில்தான்.
டிரம்ஸ், பேஸ் கிடார், குழல் ஊதுகிறவர்கள்,
நடுவில் சும்மா "ஹா" என்று கத்தும் அந்த ஒருத்தன்கூட
திசைக்கொருவராகச் சிதறிவிட்டு
ஒன்று என்கிறபோது
ஓடிவந்து தொற்றிக்கொள்வார்கள்,
நகரும் பஸ்ஸின் பின்படியில் காலேஜ் பையன்கள்போல.
என் இடதுகால் அந்த ஒன்றைக் கண்டுபிடிக்க
மூன்று மாதம் ஆனது.

எங்கள் கணக்கில் ஒரு விசில் என்றால் நில்.
இரண்டு என்றால் போ.
இவர்களுக்கு ஒன்று என்றால்தான் போ.

பெரியவிளை தாண்டினால்
முட்டம் லைட்ஹவுஸ் வெளிச்சம் தென்னை உச்சிகளைத் தடவும்.
அது மட்டும் தாளத்துக்கு வரமாட்டேன் என்கிறது.
வள்ளியாற்றுப் பாலத்தில் சிக்னல் செத்துப்போகும், தினமும்.
அடுத்த பாட்டின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவள்
வாயெடுத்தபடியே நிற்க
வட்டம் சுற்றுகிறது.
அங்கே இப்போது பதின்மூன்று என்று காட்டுமோ?
யாராவது கவனித்திருப்பார்களோ
ஒரு டிக்கெட் இறங்கியதை?

என் மூச்சு எனக்கே அசிங்கமாகக் கேட்கிறது.
பைக்குள் வீட்டுச் சாவி குலுங்குகிறது.
பொழிமுகத்தில் கடல் தன் பாட்டுக்கு.
இடதுகால் மட்டும் விடுவதாயில்லை,
ஒன்று
ஒன்று
அக்கரையில் பாட்டு திரும்ப வரும்போது
நான் அரைத் தப்படி முந்தியிருக்கிறேன்.
நின்று, அதை ஏற்றிக்கொண்டு போகிறேன்.

ஆறே காலுக்கு அதே சாலை, காக்கிச் சட்டை.
பின்சீட்டில் மீன் சருவத்தோடு அக்னேசம்மாள்.
"காதுல என்ன மக்கா எப்பவும்?"
கட்டணமில்லாச் சீட்டோடு
காதுக்குழலில் ஒன்றையும் கழற்றிக் கொடுத்தேன்,
டிப்போவில் தெரிந்தால் மெமோ.
ஒருத்தன் யாரையோ போகாதே என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.
சாளை நாற்றத்துக்கு நடுவே கண்ணை மூடிக் கேட்டவள்
"பாவம், சீட்டுப் பணம் போட்டு ஏமாந்திருக்கான்" என்றாள்.
இல்லை, காதல் என்றேன்.
"எவ்வளவு போச்சாம்?"

திங்கள்சந்தை வரைக்கும் திருப்பித் தரவில்லை.
திரை இன்னும் பதினான்கு என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
பதினைந்து என்று திருத்த எனக்கு வழியில்லை.
அடுத்தது வேகப் பாட்டு.
அவள் மோதிர விரல் அலுமினியச் சருவத்தின் விளிம்பில்
சரியாக அந்த ஒன்றில் விழுந்தது,
ணங் என்று, ஒரே ஒரு தட்டு.

ஸ்டான்லி பிரேக்கை மிதித்துத் திரும்பினான்.
"யாரு ஓய் எறங்கணும்?"
யாரும் இறங்கவில்லை.
இரண்டு விசில் கொடுத்தேன்.