நிறுத்தம்

ஏஜென்ட் போனில் சொன்னபோது
கடலைக்கு உடம்பு சரியில்லை என்பதுபோலத்தான்
எனக்குக் கேட்டது.

ஃபெலிக்ஸ்டோ துறைமுகத்தின் ஆய்வுக் கொட்டகையில்
மஞ்சள் சட்டையும் முழங்கால் உறையுமாக
ஹில்லரி ப்ளைத் என்கிற பெண்
கன்டெய்னருக்குள் தவழ்ந்துகொண்டிருந்தாள்.
தரைப்பலகைகளின் இடுக்கில்
ஓவியம் தீட்டும் மெல்லிய தூரிகையை விட்டு
எதையோ வருடி எடுத்தாள்.
எள்ளில் பாதி. பழுப்பு. உடம்பெல்லாம் மயிர்.

"அசைகிறதா?" என்றேன்.
"இது உரித்த தோல். அசைவது
வேறெங்கோ இருக்கிறது."

கொண்டைக்கடலை, இருபத்துநான்கு டன்.
தூத்துக்குடியில் இசக்கிராஜ் புகைமருந்து அடித்து
முத்திரை குத்தி அனுப்பிய சான்றிதழ்
என் கையில் காய்ந்த அப்பளமாய் விறைத்து நின்றது.
அவள் அதை மறுக்கவில்லை.
படித்தாள். தேதி பார்த்தாள். திருப்பித் தந்தாள்.
சாக்குக்குள் வேப்பிலை போட்டோம் என்று சொல்ல
வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.
பிறகு தன் தாளை நீட்டினாள்:
நிறுத்தம்.
ஆய்வகம் உறுதி செய்தால் எரிப்பு,
இல்லையேல் வந்த வழியே திரும்பு.
எனக்கு அதில் ஒரு கட்டம், கையெழுத்துக்கு.
வண்டுக்கு இரண்டு சொல்,
சாய்ந்த எழுத்தில், லத்தீனில்.

கப்ரா வண்டு.
இறக்கை உண்டு, பறக்காது.
எதற்குப் பறக்க வேண்டும்?
கிரேன் தூக்குகிறது, லாரி சுமக்கிறது,
கடன் வாங்கிக் கப்பல் பிடித்துத் தர நான் இருக்கிறேன்.
தீனி இல்லாவிட்டால் புழு
சுருண்டு படுத்துக்கொள்ளுமாம்,
ஒரு வருடம், இரண்டு வருடம், அதற்கு மேலும்.
என் வங்கிக்காரனுக்கு அந்தப் பொறுமை இல்லை.
நாள் வாடகை பவுண்டு பவுண்டாய்
என் கடலையை அரித்துக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு உவமை வந்து நிற்கிறது,
பாஸ்போர்ட்டோடு, வரிசையில்.
எல்லை, இடுக்கு, அந்நிய உயிர், நான்.
மிகச் சுலபமான உவமை.
முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்புகிறேன்.
யாருடைய தானியத்தையும் தவிடாக்க
நான் வரவில்லை.

பதினோராம் நாள் இரவு, இப்ஸ்விச்சில்,
என் சொந்தக் கிடங்கைத் திறந்தேன்.
உள்ளே போன வருடச் சரக்கு.
அதே ஆலை, அதே சாக்கு.
யாரும் நிறுத்தாமல் வந்தது;
அன்று அதை அதிர்ஷ்டம் என்று சொல்லி
எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருந்தேன்.

டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
மண்டியிட்டேன், உறையில்லாத முழங்காலில்.
வெந்நீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் மூலையில்
சுருங்கிய ஒரு பழுப்புத் துணுக்கு.

கம்பளி வண்டின் தோலாகவும் இருக்கலாம்.
இந்த ஊரில் எந்த வீட்டு அலமாரியிலும் கிடைக்கும்.
இருக்கலாம்.
துடைப்பம் கையெட்டும் தூரத்தில்தான் சாய்ந்திருந்தது.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் டெஸ்மண்ட் ஹாரப்பின் கொட்டகை.
ஆகஸ்டில் அறுத்த பார்லி கூரை முட்டக் கிடக்கிறது.
ஆறு வருடமாக நாங்கள் பேசியது மழையைப் பற்றி மட்டும்.
ஒருமுறை அரை மூட்டை உருளைக்கிழங்கு தந்தான்,
ஏன் என்று சொல்லாமல்.

ரத்தக்கொதிப்பு மாத்திரைகளைச்
சட்டைப்பையில் கொட்டிவிட்டு
காலி டப்பாவில் அதைப் போட்டு மூடினேன்.
ப்ளைத்தின் கார்டில் நம்பர் இருந்தது.
அலுவலகம் எட்டரைக்குத் திறக்கும்.
மணி மூன்று இருபது.

வேனில் உட்கார்ந்து
டப்பாவை ஹீட்டர் பக்கமிருந்து தள்ளி வைத்தேன்,
சூடு பட்டு விழித்துக்கொள்ளுமோ என்று,
வெறும் தோல்தான் என்று தெரிந்தும்.