நூறு கிராம்

எந்த மலையில் வேலை என்றாலும்
உன்னைத் தாண்டித்தான் ஏற வேண்டும்.
குறுக்குப் பாதை, சவுக்கு மரத்தடி.
கோயில் என்று யாரும் சொல்வதில்லை.
ரோடு வெட்டியபோது புரண்ட கல்;
ஒரு பக்கம் தொந்தி மாதிரிப் புடைத்திருந்ததால்
மம்பட்டியை நிறுத்தினார்களாம்.
அன்றிலிருந்து நீ பிள்ளையார்.
தும்பிக்கை எங்கே என்று கேட்டால்
மஞ்சள் பூசிப் பார், தெரியும் என்பாள் யோகராணி.

ஐயர் பணிய டிவிசன் அம்மனுக்கு வருவார்,
திருவிழாவுக்கு மட்டும், ஹட்டனிலிருந்து வேனில்.
உனக்கு நாங்கள்தான்.
யோகராணி ஒரு பொட்டுச் சந்தனம்.
மேட்டு லயத்துச் செல்லாயி
தீப்பெட்டி நனையாத நாளில் ஒரு துண்டுச் சூடம்.
எனக்கு,
கையில் காசில்லாத காலத்தில் தொடங்கிய பழக்கம்:
உன் பக்கத்துச் செடியில் முதல் பிடிக் கொழுந்து.
பொலி, பொலி என்று சொல்லி
உன் மடியில் வைப்பேன்.
மடி என்பது ஒரு பள்ளம்.
மழை பெய்தால் தண்ணி நிற்கும்.

பதினோரு வருஷம்.
ஒரு நாளும் உன்னிடம் கணக்குக் கேட்டதில்லை.

நேற்றுக் கேட்டேன்.

அந்தி நிறுவை.
மூன்று நிறுவையையும் கூட்டி,
கூடைக்கும் ஈரத்துக்கும் கழித்து,
கணக்கப்பிள்ளை பேட்டரித் தராசைப் பார்த்தார்,
என்னைப் பார்க்கவில்லை.
பதினேழு தொள்ளாயிரம்.
பதினெட்டுக்குத்தான் பேர்.
நூறு கிராம்தானே ஐயா என்றேன்.
நூறு கிராம்தான் என்றார் அவரும்.
அரைப்பேர் எழுதினார்.

தனுஷிகாவின் டியூசன் காசு,
கடைக் கொப்பியில் மாவு, டின்மீன், மண்ணெண்ணெய்.
அரைப்பேர் என்பதற்காக
இவை பாதியாகிவிடுவதில்லை.

கையைப் பார்த்தேன்.
ஒரு பிடி எவ்வளவு வரும்?
விரலில் கறுத்த கறை சொன்னது:
நூறு.
கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லாரும் இறங்குகிற பாதையில்
நான் மட்டும் ஏறினேன்.
"என்னத்த மறந்திட்ட?" என்றாள் யோகராணி.
"ஒராளுக்குக் குடுத்தத வாங்கணும்."

கொழுந்து அங்கேயேதான் இருந்தது.
காலையில் வைத்த பச்சை இல்லை;
வதங்கி, ஓரம் சிவந்து,
பேக்டரிக்குப் போகாமலே பாதித் தேயிலையாகி.
எடுத்தேன். கனமே இல்லை.
அறுபது இருக்கும்.
இதைத் தராசில் வைத்தால் கணக்கப்பிள்ளை சிரிப்பார்.

திட்டினேன்.
சொல்லக்கூடாதது எதுவும் இல்லை,
சொல்லக்கூடியதிலேயே பெரியவை.
தின்னவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை,
உனக்கெதற்கு இந்த வயிறு என்றேன்.
மோதகம் கண்டாயா, அவல் கண்டாயா,
பதினோரு வருஷமாய்த் துவர்ப்பை வாங்கி வைத்துக்கொண்டு
வாயைத் திறக்கிறாயா என்றேன்.

அப்போதுதான் பார்த்தேன்,
உன் தொந்தியின் மேல் ஒரு அட்டை.
தலையைத் தூக்கித் தூக்கி
கடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தது.
கல்லில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
என்ன கிடைக்கும் என்று ஏறியதோ, பாவம்.
முந்தானையில் முடிந்திருந்த உப்பை எடுத்து
முதலில் உனக்கு வைத்தேன்,
பிறகு என் காலுக்கு.
என் காலில் மூன்று.

லயத்துக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.
ரொட்டி சுட்டேன்.
அடுப்புப் புகையில் கண் எரிந்ததாக
தனுஷிகா நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை பனி.
மரம் தெரியவில்லை, நீயும் தெரியவில்லை;
கால்தான் நின்றது.
வதங்கியதை எடுத்தெறிந்து பள்ளத்தைத் துடைத்தேன்.
இரண்டு இலை, ஒரு மொட்டு. அவ்வளவுதான் வைத்தேன்.
"பேர் விழட்டும், மிச்சத்தப் பாப்பம்."

நிரையில் இறங்கி நாலு செடி தாண்டவில்லை.
விரல் ஓட மாட்டேன் என்கிறது.
பொலி சொன்னேனா இல்லையா?
"எங்க போற?" என்று மருதைக் கங்காணி கத்துகிறார்.
உப்பை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லி
ஏறி வருகிறேன்.

இந்தா.
முழுப்பிடி இல்லை,
அறுபது கிராம்தான்.
அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் வைத்திருக்கிறேன்,
பக்கத்தில்,
நனையாத இடமாகப் பார்த்து.