கெயங்கா

பகலில் எண்ணூர் நெடுஞ்சாலையில் எடைமேடை.
கண்டெய்னர் லாரி ஏறும், எண் விழும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
உள்ளே என்ன என்று எவரும் சொல்வதில்லை.
நானும் கேட்பதில்லை.

ராத்திரியில் பெயர் வாங்குகிறேன்.
டாட் காம், டாட் இன்.
வருஷத்துக்குத் தொள்ளாயிரம் சொச்சம், வரி தனி.
காலடிப்பேட்டை வாடகை வீட்டில்
மின்விசிறிக்குக் கீழே போனைப் பிடித்தபடி
நாற்பத்தோரு விலாசத்துக்கு நான் சொந்தக்காரன்.
ரேஷன் அட்டையில் மட்டும் இன்னும்
எரிந்துபோன குடிசையின் கதவு எண்.

மெட்ரோ வருகிறது என்றார்கள்.
தேரடி, டோல்கேட், விம்கோ நகர்,
ஒவ்வொன்றின் வாலிலும் வீடு, மனை, பிளாட் ஒட்டிப்
பதினாறு பெயர் வாங்கிப் போட்டேன்.
மெட்ரோ வந்தது.
என்னைத் தேடித்தான் ஒருத்தரும் வரவில்லை.

"காத்த வாங்கி வெச்சினுகிற" என்பாள் ஏகவல்லி.
ரெண்டு மணிக்குக் காசிமேடு ஏலத்துக்குக் கிளம்புகிறவள்.
நான் படுக்கிற நேரமும் அவள் எழுகிற நேரமும் ஒன்று.
பாயில் அவள் விட்டுப்போன சூட்டில்தான் என் தூக்கம்.

அந்தப் பெயரை வாங்கியது சும்மா ஒரு குஷியில்.
கிழங்கானை எங்கள் பக்கம் யார் கிழங்கான் என்கிறார்கள்?
கெயங்கா.
பழம் பயம். கோழி கோயி.
இசட்டும் எச்சும் சேர்த்து எழுதுகிற எழுத்து
மின்ட் பாலம் இறங்குவதற்குள் ஒய்யாகிவிடும்.
கெயங்கா கூட, டாட் காம்.
வாங்கி வைத்து மறந்தே போனேன்.

இரண்டு வருஷம் கழித்து அண்ணா நகரில் ஒரு கம்பெனி.
மீனைக் கழுவி, வெட்டி, வீட்டுக்கே அனுப்புகிறவர்கள்.
'கிழங்கான் கூடை' என்று பஸ் முதுகெல்லாம் விளம்பரம்.
ஜனமோ வாயில் வந்தபடி டைப் அடித்து
என் காலி வாசலில் வந்து நின்றது.

முதலில் வக்கீல் கடிதம்:
எங்கள் பெயரைத் திரித்துப் பதுக்கி வைத்திருக்கிறீர்கள்.
பதில் எழுதினேன்:
திரிக்கவில்லை சார், தேதியைப் பாருங்கள்.
அது உங்கள் பெயர் இல்லை. எங்கள் வாய்.
கடைசி வரியை அழித்துவிட்டு அனுப்பினேன்.

அப்புறம் குரல் இறங்கி, எட்டாயிரம் என்றார்கள்.
நான் அறுபது என்றேன்.
ஒன்பது நாள் சத்தமே இல்லை.
செதில் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்:
"ஐஸ் போட்டா மீனு கெடாது.
கிராக்கி கெட்டுப்பூடும்."
இருபத்திரண்டுக்கு முடித்தேன்.

கைமாற்றியது ஒரு சங்கேதச் சொல், பதினாறு எழுத்து.
தொட்டு, நகலெடுத்து, அனுப்பினேன்.
என் எடைமேடையில் ஏற்றியிருந்தால்
எண்ணே விழாத சரக்கு.
ஆனால் பணம் வந்தது.
எட்டு சீட்டுக் கடனுக்கு,
மிச்சத்தில் அவளுக்கு ஒரு பழைய டிவிஎஸ் வண்டி,
பின்னால் கட்டத் தெர்மாகோல் பெட்டி.

இப்போது அந்தப் பெயரை அடித்தால்
அவர்கள் கடைக்குப் போகிறது.
அரைக் கிலோ நானூற்று இருபது.
"தலையே காணோமே" என்றாள் போட்டோவைப் பார்த்து.

நேற்று, வண்டியை எடுக்கப் போனவள்
திரும்பி வந்து கேட்டாள்:
"எம் பேரு கெடைக்குதா பாரேன்."
அடித்தேன்.
ஏகவல்லி, விற்பனைக்கு.
இரண்டாயிரத்து நானூறு டாலர்.
ரூபாயில் சொன்னேன்.
"எனுக்கா? இம்மாந் துட்டா?"
சிரித்தபடியே பெட்டிக் கயிற்றை இறுக்கினாள்,
தெருமுனை வரைக்கும் சிரிப்பு கேட்டது.

எனக்குத் தூக்கம் வரவில்லை.
எவனோ, எந்த ஊரிலோ,
பகலெல்லாம் ஏதோ ஒரு சீட்டைக் கிழித்துவிட்டு வந்து
என் பெண்டாட்டி பெயருக்கு
ஐஸ் போட்டுக்கொண்டிருக்கிறான்.